ஆரவல்லியின் பழங்குழிகள்

குஜராத்தின் பாலன்பூர்ப் பக்கத்தில் தொடங்கி தில்லி வரை ஏறத்தாழ 670 கிலோமீட்டர் நீளும் ஆரவல்லி மலைத்தொடரில், செம்போ ஈயமோ பாறையில் கண்ணுக்குத் தெரிகிற ஓர் இடத்தைக்கூடப் பழைய சுரங்கக் குழி இல்லாமல் நான் பார்த்ததில்லை. சில குழிகள் தூர்ந்துபோய், மேலே கள்ளி மண்டிக் கிடக்கும். சில, மலை முகட்டை நெடுகப் பிளந்துகொண்டு போகும் அகழிகளாக இருக்கும். இன்னும் சில, ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவே உள்ள வாய்களாகத் தொடங்கி, உள்ளே போகப் போக விரிந்து, எங்கே முடிகின்றன என்றே தெரியாதபடி இருட்டுக்குள் இறங்கிவிடும். தமிழ்நாட்டில் புவியியல் படித்துவிட்டு, ஒரு தனியார் கனிமத் தேடல் நிறுவனத்தின் வேலைக்காக, ராஜஸ்தானின் தெற்கே உதய்ப்பூரைச் சுற்றியுள்ள மேவார்ப் பகுதிக்குப் போன நான், புதிய தாதுவைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். அங்கே என் நேரத்தில் பெரும்பகுதி, யாரோ கண்டுபிடித்து, தோண்டி, உருக்கி, விட்டுப்போனதை அளப்பதிலேயே கழிந்தது. அதைப் பற்றி எனக்குக் குறையொன்றும் இல்லை. அந்த மலைத்தொடரில் தொடக்கநிலைத் தேடல் என்பதே பெரும்பாலும் அதுதான்.

தொடக்கநிலை என்று நான் சொல்வது எதை என்பதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இந்தியாவில் கனிமத் தேடலை ஜி4, ஜி3, ஜி2, ஜி1 என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஜி4 என்பது பரந்த நிலப்பரப்பில் நடந்து பார்த்து, வரைபடம் போட்டு, மண்ணும் கல்லும் ஓடைப்படிவும் எடுத்துச் சோதித்து, எங்கே மேற்கொண்டு பார்க்கலாம் என்று முடிவு செய்யும் நிலை. ஜி1 என்பது நெருக்கமாகத் துளையிட்டு, இத்தனை டன் தாது இத்தனை தரத்தில் இருக்கிறது என்று நம்பிக்கையோடு சொல்லும் நிலை. முதல் படியில் தொடங்கும் இடங்களில் மிகமிகச் சிலவே கடைசிப் படியை எட்டுகின்றன. அப்படி எட்டியவையும் சுரங்கமாகும் என்பதற்கு உறுதி கிடையாது. நான் வேலை செய்ததெல்லாம் முதல் இரண்டு படிகளில்தான். எனவே இந்தக் கட்டுரையில் வெற்றிக் கதை எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

இந்தப் பகுதிக்கு யார் போனாலும் கையில் எடுக்கும் முதல் ஆவணம், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஏ. எம். ஹெரான் வரைந்த வரைபடங்கள்தாம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் தொடங்கி, ராஜபுதனத்தின் பெரும்பகுதியை நடந்தே வரைந்த மனிதர் அவர். அவர் பிரித்த பாறைத் தொகுதிகளைப் பின்னால் வந்தவர்கள் எவ்வளவோ திருத்தியிருக்கிறார்கள். கதிரியக்க வயதுக் கணிப்புகள் வந்தபின் சில எல்லைகள் இடம் மாறின. ஆனால் பாறை எங்கே எப்படித் திரும்புகிறது என்று அவர் போட்ட கோடுகளைக் களத்தில் சரிபார்க்கப் போனால், பெரும்பாலும் அவர் சொன்ன இடத்திலேயே திரும்புகின்றன. ஹெரானுக்கு முன்னால் இதே கோடுகளை வரைபடமே இல்லாமல் கண்டுபிடித்தவர்கள் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய வியப்பு. டோலமைட் என்ற சுண்ணாம்பு வகைப் பாறையின் அடுக்கு ஒன்று மடிந்து வளையும் இடத்தில் ஈயமும் துத்தநாகமும் திரண்டிருக்கும் என்பது இன்றைய கட்டமைப்புப் புவியியலில் ஒரு பாடம். உதய்ப்பூருக்குத் தெற்கே ஜாவரில் பழங்குழிகளின் அமைப்பை அளந்து வரைந்தால், அந்தப் பாடத்தை அவர்கள் கையால் எழுதி வைத்திருப்பது தெரியும்.

ஜாவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். டீடி ஆற்றின் இருபுறமும் ஜாவர் மாலா, மோசியா, பலாரியா, பரோயி என்று குன்றுகள். அவற்றுக்குள் இருக்கும் பழைய சுரங்கங்களில் கிடைத்த மரத்துண்டுகளின் கரிம வயது ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னால் போகிறது. வெடிமருந்து இல்லாத காலத்தில் இந்தக் கெட்டிப் பாறையை உடைத்த முறை, நெருப்பு வைப்பது. பாறை முகத்தை ஒட்டி விறகை அடுக்கிக் கொளுத்தினால், வெப்பத்தில் விரிந்த பாறை செதில் செதிலாகப் பெயர்ந்துகொள்ளும். மிச்சத்தை உளியால் கொத்தி எடுப்பார்கள். இப்படி வெட்டிய சுவர்கள் கோணங்களே இல்லாமல் குழிந்து வழவழப்பாக இருக்கும். கரி படிந்த அந்த வளைவுகளை ஒருமுறை பார்த்துவிட்டவருக்கு, இயற்கைக் குகையையும் சுரங்கத்தையும் பிரித்தறிவதில் பிறகு குழப்பமே வராது.

முதலில் இங்கே தோண்டியது ஈயத்துக்கும் அதிலுள்ள வெள்ளிக்கும் என்று கருதுகிறார்கள். பின்னர், பதினான்காம் நூற்றாண்டு வாக்கில், உலகில் வேறெங்கும் அந்த அளவில் நடக்காத ஒன்று ஜாவரில் நடந்தது. துத்தநாகம் 907 பாகை செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். ஆனால் தாதுவிலிருந்து அதைப் பிரிக்க 1,000 பாகைக்கு மேல் சூடு வேண்டும். ஆக, உலையில் போட்டால் உலோகம் கையில் தங்காமல் புகையாய்ப் போகும். ஜாவர்க்காரர்கள் கத்தரிக்காய் வடிவத்தில் மண் வாலைகளை, அதாவது வடிகலங்களை, செய்து, அதில் தாதுக் கலவையை அடைத்து, கழுத்து கீழ்நோக்கி இருக்குமாறு தலைகீழாக உலையில் நிறுத்தினார்கள். ஓர் உலைக்கு 36 வாலைகள். ஒரு வரிசைக்கு 7 உலைகள். மேலே எரியும் வெப்பத்தில் பிரிந்த ஆவி கழுத்து வழியாகக் கீழிறங்கி, குளிர்ந்த அறையில் இருக்கும் கலத்தில் உலோகமாகச் சொட்டும். 1980களில் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகமும் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனமும் சேர்ந்து நடத்திய அகழாய்வில் இந்த உலைகள் அப்படியே வெளிப்பட்டன. ஐரோப்பாவில் இதே முறையைத் தழுவியதுபோலத் தோன்றும் கீழ்நோக்கு வடிப்புக்கு பிரிஸ்டலின் வில்லியம் சாம்பியன் காப்புரிமை பெற்றது 1738இல்தான்.

பயன்படுத்தி முடித்த வாலைகள் அங்கே குன்றுகளாகக் குவிந்திருக்கின்றன. ஊருக்குள் வீட்டுச் சுவர்களையே அவற்றை அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். பார்ப்பதற்கு அழகுதான், ஆனால் தேடலுக்கு வந்தவனுக்கு அது தலைவலியின் தொடக்கம்.

ஏனென்றால் தொடக்கநிலையில் நாம் நம்பியிருக்கும் முதன்மைக் கருவி, ஓடைப்படிவு. மலையில் எங்கோ தாது வெளித்தெரிந்தால், மழையில் அது அரிபட்டு ஓடைக்கு வரும். ஓடை மணலை அங்குலத்துக்கு 80 கண் உள்ள சல்லடையில் சலித்து நுண்துகளை ஆய்வகத்துக்கு அனுப்பினால், வழக்கத்தைவிட அதிகமாக ஈயமோ துத்தநாகமோ காட்டும். மேலே ஏறி மூலத்தைத் தேடலாம். ஆள் கை படாத மலையில் இது அருமையான முறை. இரண்டாயிரம் ஆண்டுகளாக உருக்கிக் கொட்டிய மலையில், ஓடையில் வருவது பாறையின் செய்தியா, கசட்டுக் குவியலின் செய்தியா என்று எப்படிச் சொல்வது? கசடு ஒரே இடத்திலும் கிடப்பதில்லை. வரப்புக்குப் போட்டிருப்பார்கள், கிணற்றுச் சுவரில் பதித்திருப்பார்கள், பாதைக்குக் கொட்டியிருப்பார்கள். தாது ஒரு மலையில் வெட்டப்பட்டு, விறகும் தண்ணீரும் கிடைக்கும் வேறு பள்ளத்தாக்குக்குச் சுமந்துபோய் உருக்கப்பட்டிருக்கும். ஆகவே பெரிய எண்ணிக்கை காட்டும் ஓடைக்கு மேலே தாதுவே இல்லாமலும் போகலாம். எங்கள் குழுவில் இதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தோம்: மாதிரி எடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கைப்பிடி மணலைத் தட்டில் அலசி, பூதக்கண்ணாடியில் கறுத்த கண்ணாடித் துணுக்கு, அதாவது கசட்டுத் துகள், இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துவிடுவது. இருந்தால் அந்த மாதிரி மேற்கே தார்ப் பாலைவனத்திலிருந்து காற்று கொண்டுவந்து கொட்டும் மணலைவிட மோசமானது. காற்று மணல் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான். கசடு பொய்யான இடத்துக்கே கூட்டிப்போய்விடும்.

அப்படியானால் பழங்குழியும் கசடும் இருக்கிற இடங்களை விட்டுவிட்டு, தொடாத இடத்தில் தேடினால் என்ன என்று கேட்கலாம். அப்படித் தேடியவர்களும் உண்டு. ஆனால் மேவாரில் இன்று உலோகம் கொடுக்கும் பெரிய படிவுகளில் பெரும்பாலானவை, ஜாவரானாலும் ராஜ்புரா தரீபாவானாலும் ராம்புரா ஆகுச்சாவானாலும், பழங்குழிகளின் அடியில் இருப்பவைதான். தரீபாவில் பழையவர்கள் வெட்டிய பெரும் பள்ளத்தின் பக்கவாட்டுப் பாறை சரியாமலிருக்க மரத்தால் தாங்குசுவரே கட்டியிருந்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் அந்த மரம் கிடைத்தது. எனவே பழங்குழியை ஒதுக்க முடியாது. அதைப் படிக்கத் தெரிய வேண்டும். அதற்கு ஒரே வழி, ஒவ்வொரு குழியைப் பார்த்தும் ஒரே கேள்வியைக் கேட்பது: ஏன் நிறுத்தினார்கள்?

இந்தக் கேள்விக்கு நான்கைந்து விடைகள்தான் உண்டு. தாது தீர்ந்திருக்கலாம். தாது இருந்தும், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போக முடியாமல் விட்டிருக்கலாம். சுற்றுவட்டாரத்தில் விறகு தீர்ந்திருக்கலாம். நெருப்பு வைத்து வெட்டி, நெருப்பில் உருக்கும் தொழிலுக்கு இது சிறிய காரணம் கிடையாது. போரோ பஞ்சமோ ஆட்களைக் கலைத்திருக்கலாம். ஜாவரின் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மராத்தியர் படையெடுப்புகளாலும் 1812ஐ ஒட்டிய பெரும் பஞ்சத்தாலும் நின்றதாகத்தான் சொல்லப்படுகிறது. கடைசியாக, அவர்கள் தேடிய உலோகம் குறைந்து, அவர்களுக்கு வேண்டாத உலோகம் தொடர்ந்திருக்கலாம். முதல் விடை மட்டுமே நமக்குக் கெட்ட செய்தி. மற்றவை அனைத்தும் வேலைக்கான அழைப்பு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஈயத்துக்கும் துத்தநாகத்துக்கும் தட்டுப்பாடு வந்தபோது மீண்டும் ஜாவரைத் திறக்க முனைந்ததற்கும், அதன் தொடர்ச்சியாக 1966இல் ஹிந்துஸ்தான் ஜிங்க் அரசு நிறுவனமாக உருவானதற்கும் அடிப்படை, அங்கே நிறுத்தியது தாது தீர்ந்ததால் இல்லை என்று நம்பியதுதான்.

பல இடங்களில் முதல் விடைதான் சரி என்பதையும் சொல்லிவிட வேண்டும். பங்குச் சந்தைக்கு எழுதப்படும் அறிக்கைகளில் பழங்குழிகளின் படங்களைப் போட்டு, கீழே நவீன முறையில் இதுவரை சோதிக்கப்படவில்லை என்று எழுதுவது உலகெங்கும் ஒரு வழக்கம். அது உண்மையாகவும் இருக்கலாம், சோதிக்கத் தகுதி இல்லாததால் சோதிக்கப்படாமலும் இருக்கலாம். பழைய சுரங்கக்காரர்கள் கண்ணும் சுத்தியலும் மட்டுமே வைத்திருந்தாலும், ஒரே மலையைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள். அடி அகலமுள்ள செம்பு நரம்பு ஒன்றைத் தொடர்ந்து போய், அது விரலளவு மெலிந்த இடத்தில் நிறுத்தியிருந்தால், அதற்கப்பால் அது மறுபடி பருக்கும் என்று சொல்வதற்கு எனக்கு வலுவான காரணம் வேண்டும். அந்தக் காரணம் இல்லாத குழிகளே அதிகம்.

கடைசி விடைக்கு, அதாவது வேண்டாத உலோகம் என்பதற்கு, ஆகுச்சாவைவிட நல்ல எடுத்துக்காட்டு இந்தியாவில் கிடையாது. பில்வாரா மாவட்டத்தில், மலை என்று சொல்ல முடியாத, ஏறத்தாழச் சமதரையான இடம். மௌரியர் காலத்தை ஒட்டி அங்கே ஈயத்துக்கும் வெள்ளிக்கும் தோண்டியிருக்கிறார்கள்; கசட்டுக் குவியல்கள் ஊரைச் சுற்றிலும் கிடந்தன. 1977இல் ராஜஸ்தான் மாநிலச் சுரங்க, புவியியல் துறையைச் சேர்ந்த புவியியலாளர் ஒருவர் அங்கிருந்த காசனை அடையாளம் கண்டார். காசன் என்பது, சல்பைடுத் தாது நிலத்துக்கு அருகே காற்றும் மழையும் பட்டுச் சிதைந்தபின் மிஞ்சும், துருப்பிடித்த தேன்கூடு மாதிரியான இரும்புப் பாறை. துளையிட்டபோது, சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு, 13 சதவீதத்தை ஒட்டிய துத்தநாகமும் 2 சதவீத அளவுக்கு ஈயமும் கொண்ட தாது வெளிப்பட்டது. 1991இல் உற்பத்தி தொடங்கிய அந்தத் திறந்தவெளிச் சுரங்கம் உலகின் மிகப் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் ஒன்றாயிற்று. பழையவர்கள் தங்களுக்கு வேண்டிய, ஈயம் செறிந்த மேற்பகுதிகளை எடுத்துக்கொண்டு, மற்றதைக் கல்லென்று ஒதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் காலத்தில் அது கல்தான்.

காசனைப் பற்றி இன்னும் ஒன்று. அது ஏன் அவ்வளவு நாள் யாருடைய கண்ணிலும் படவில்லை என்பதற்கு வேதியியலிலேயே ஒரு விடை இருக்கிறது. சல்பைடு சிதையும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமில நீரில் துத்தநாகம் எளிதில் கரைந்து போய்விடும்; ஈயம் கரையாத உப்பாக மாறி அங்கேயே தங்கும்; இரும்பு துருவாக மிஞ்சும். ஆகவே உலகத்தரமான துத்தநாகப் படிவுக்கு மேலே நின்றுகொண்டு, காலடியில் இருக்கும் கல்லை உடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், துத்தநாகம் வெகு குறைவாகத்தான் வரும். துத்தநாகத்தைத் தேடுபவன் காசனில் ஈயத்தையும் ஆர்செனிக்கையும் ஆன்டிமனியையும் வெள்ளியையும் பார்க்க வேண்டும். கூடவே, துருவுக்குள் மிஞ்சியிருக்கும் பொந்துகளின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். கரைந்துபோன தாதுத் துகள் விட்டுச்சென்ற அச்சு அது. ஈயத்தின் முதன்மைத் தாதுவான கலீனாவின் அச்சு கனசதுரமாகப் படிக்கட்டு போட்டிருக்கும். இப்போது துப்பாக்கி போன்ற கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியைப் பாறையில் அழுத்தினால் அரை நிமிடத்தில் தனிமங்களின் அளவைத் திரையில் காட்டிவிடுகிறது. அது வந்தபின் இளைஞர்கள் பொந்துகளைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள் என்பது என் போன்றவர்களின் வழக்கமான புலம்பல். கருவி காட்டுவது ஒரு சிறு வட்டத்தின் மேற்பரப்பை மட்டுமே என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அதில் எனக்கு எதிர்ப்பில்லை.

வேண்டிய உலோகம் காலத்துக்குக் காலம் மாறுவதற்கு ஆரவல்லியின் வடகோடியில் இன்னொரு சான்று இருக்கிறது. அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சிங்கானாவிலிருந்து ரகுநாத்கர் வரை சுமார் 80 கிலோமீட்டருக்கு நீளும் கேத்ரி செம்புப் பட்டையைப் பெரும்பாலோர் அறிந்திருப்பார்கள். அதில் பபாயி என்ற இடத்தில் செம்போடு சேர்ந்து கோபால்ட் தாதுவும் உண்டு. அதைச் ‘சேதா’ என்ற பெயரில் பிரித்தெடுத்து, ஜெய்ப்பூரின் மீனாகாரி நகைக் கலைஞர்கள் நீல நிறத்துக்குப் பயன்படுத்தினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் மாலெட் அந்தக் கனிமங்களை ஆராய்ந்து விவரித்தார். நவீனச் செம்புச் சுரங்கம் வந்தபோது கோபால்ட்டை யாரும் பொருட்படுத்தவில்லை, செம்புதான் கணக்கு. இன்று மின்கலங்களால் கோபால்ட் ‘முக்கியக் கனிமம்’ என்ற அரசுப் பட்டியலில் ஏறியிருக்கிறது. நகைக்கு நீலம் தீட்ட யாரோ பொறுக்கிய கல், மறுபடி பொறுக்கப்பட வேண்டியதாகிறது. இந்த மலைத்தொடரில் பழைய கசட்டையும் பழைய துளைகளின் பாறை உருளைகளையும், அன்று சோதிக்காத தனிமங்களுக்காக இன்று மறுபடி சோதிப்பது, புதிய துளை போடுவதைவிட மலிவான, பல நேரங்களில் அறிவார்ந்த முதலீடு. நிறுவனங்கள் அதை விரும்புவதில்லை. பழைய பெட்டியைத் திறக்கும் புகைப்படம் முதலீட்டாளரை ஈர்ப்பதில்லை போலும்.

ஆகுச்சா சமதரையில் இருந்தது என்று சொன்னேன் அல்லவா, என் வாதம் அங்கேதான் போய் நிற்கிறது. மலை முகடுகளில் கண்ணுக்குத் தெரிவதைப் பழையவர்கள் பார்த்துவிட்டார்கள். எனவே அவர்கள் பார்க்க முடியாத இடம், அதாவது மண்ணும் மணலும் மூடிய தரையும், நூறு இருநூறு மீட்டர் ஆழமும்தான் நமக்கு மிச்சம். அங்கே கண் உதவாது. இயற்பியல்தான் உதவ வேண்டும். அதற்கு ஆரவல்லி வைத்திருக்கும் கண்ணி, கிராஃபைட்.

தாதுவைப் பொதிந்துள்ள பாறை ஏறத்தாழ 170 முதல் 180 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறும் சுண்ணாம்பும். அந்தச் சேற்றிலிருந்த கரிமப் பொருள், வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிராஃபைட்டாக மாறியிருக்கிறது. கிராஃபைட் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும். துத்தநாகத்தின் முதன்மைத் தாதுவான ஸ்பேலரைட்டோ, சல்பைடாக இருந்தும், கிட்டத்தட்டக் கடத்துவதே இல்லை. நிலத்தில் மின்னோட்டம் செலுத்தி அளந்தாலும், ஹெலிகாப்டரில் கம்பி வளையத்தைத் தொங்கவிட்டு மின்காந்த முறையில் அளந்தாலும், வரைபடத்தில் பளிச்சென்று சிவப்பாகத் தெரிவது கிராஃபைட் சிஸ்ட் என்ற, தகடு தகடாகப் பிரியும் பாறையின் அடுக்குகள்தான். தேடும் தாது அதன் அருகிலேயே ஓசையின்றிக் கிடக்கும். முற்றிலும் ஒதுக்கவும் முடியாது, ஏனெனில் ஆகுச்சாவின் தாதுவே கிராஃபைட் நிறைந்த நைஸ் பாறைக்குள்தான் இருக்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்க ஓரளவு உதவுவது ஈர்ப்பு அளவை. ஸ்பேலரைட்டின் அடர்த்தி நீரைப்போல் நான்கு மடங்கு, கலீனாவினுடையது ஏழரை மடங்கு. கிராஃபைட் சிஸ்ட்டோ சாதாரணப் பாறையின் எடைதான். மின்சாரமும் கடத்தி, எடையும் கூடியிருக்கும் இடத்துக்கு முன்னுரிமை கொடுக்கலாம். ஈர்ப்பு அளவை மெதுவான வேலை. ஒவ்வொரு புள்ளியின் உயரமும் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் தெரிய வேண்டும். பனிக்காலத்துக் களப்பருவம் முடிந்து பங்குனி வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில், அதைத்தான் முதலில் குறைப்பார்கள். குறைத்துவிட்டு, கிராஃபைட்டைத் துளையிடுவார்கள்.

துளையிடுவதில் பழங்குழி இன்னொரு வகையிலும் ஏமாற்றும். பெரிய குழி ஒன்றைக் கண்டால், அதற்கு நேர் கீழே துளை போடத்தான் கை போகும். ஆனால் இந்தப் பாறைகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மடிக்கப்பட்டவை. தாது தட்டையான பலகையாக இறங்காமல், மடிப்பின் அச்சை ஒட்டி, சாய்ந்த தூண்போல ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டு போகும். நேர் கீழே போட்ட துளை வெறும் பாறையில் இறங்கி, கீழே ஒன்றுமில்லை என்ற பொய்யான முடிவைத் தரும். எந்தப் பக்கம் சரிகிறது என்பதைச் சொல்ல நம்மிடம் இருக்கும் சிறந்த சாட்சி, அந்தக் குழிதான். உள்ளே இறங்கி, வெட்டிய வெளி எந்தத் திசையில் எவ்வளவு சாய்வில் நீள்கிறது என்று அளந்தால், தாதுத் தூணின் போக்கு கிடைத்துவிடும். அவர்கள் தாதுவைத்தானே தொடர்ந்து போனார்கள். ஆனால் இறங்குவது விளையாட்டு இல்லை. வௌவாலும் முள்ளம்பன்றியும் இருக்கும், சில குழிகளில் கரடியும் இருக்கும் என்பது ஒருபுறம். சல்பைடு சிதையும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், நாற்றமும் இல்லாத, எச்சரிக்கையும் தராத கெட்ட காற்று தேங்கியிருக்கும். வாயு அளவி இல்லாமல் ஒருவரையும் இறங்க விடக்கூடாது. அளவி கூவியதால் நாங்கள் அளக்காமல் திரும்பிய குழிகள் உண்டு. அவற்றின் அடியில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கவும் நான் விரும்பவில்லை.

இன்னொரு தொல்லை, துளை நேராகப் பழைய வெட்டுக்குள்ளேயே போய் விழுவது. கம்பி திடீரென்று எதிர்ப்பில்லாமல் இறங்கும். மேலே திரும்பி வர வேண்டிய தண்ணீர் வராது. துளையிடும் எந்திரக்காரரின் முகம் மாறும். அப்போது மேலே வரும் உருளையில் கரியும் சாம்பலும் சிலசமயம் மரச்சிம்பும் ஒட்டியிருக்கும். நல்ல தாது இருந்திருக்க வேண்டிய மீட்டர்களுக்கு நேராக, பதிவேட்டில் ‘வெற்றிடம்’ என்று எழுதுவோம். அறிக்கையைப் படிப்பவருக்கு அது தோல்வி. களத்தில் இருப்பவருக்கு அது, நினைத்ததைவிட அவர்கள் ஆழமாகப் போயிருக்கிறார்கள், ஆகவே தாதுவும் அவ்வளவு ஆழம் வரை அவர்களுக்குக் கட்டுப்படியாகும் தரத்தில் இருந்திருக்கிறது என்ற செய்தி.

குழிகளை எங்களுக்குக் காட்டியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் தெரிவதைப்போல் பல மடங்கு, ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரியும்; குட்டி விழுந்துவிடும் என்பதால் அவர்களுக்கு அது அன்றாடக் கவலை. பீல், மீணா மக்கள் வாழும் அந்தக் குன்றுகளில், பச்சைக் கறை படிந்த கல் எந்த ஓடையில் கிடைக்கும் என்று கேட்டால் கூட்டிப்போய் நிறுத்துவார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்பதும் ஒன்றுதான்: சுரங்கம் வருமா, எங்கள் நிலம் போகுமா? தொடக்கநிலையில் இருப்பவனால் இதற்கு நேர்மையாகச் சொல்லக்கூடியது, பெரும்பாலும் வராது என்பதுதான். அதை நிறுவனமும் விரும்பாது, வேலை கிடைக்கும் என்று காத்திருக்கும் இளைஞர்களும் விரும்ப மாட்டார்கள். முன்பு துளையிட வந்த வேறு யாரோ மூடாமல் விட்டுப்போன துளையைக் காட்டி ஒரு பெரியவர் என்னிடம் கோபப்பட்டது நியாயமே. துளையைச் சிமெண்டு ஊற்றி அடைத்து, தளத்தைச் சமன்செய்து, படம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவதைத் தொடக்கநிலை வேலையின் பகுதியாகவே நான் கருதினேன்.

சட்டமும் இதற்கிடையில் மாறிக்கொண்டே வந்தது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, கண்டுபிடித்தவருக்கே சுரங்கக் குத்தகை என்ற நிலை போய், ஏலம் வந்தது. தேடுபவர் ஒருவர், தோண்டுபவர் இன்னொருவர் என்றானபோது, முதல் படியின் அபாயத்தைச் சுமக்கச் சிறிய நிறுவனங்கள் முன்வரவில்லை. அதைச் சரிசெய்ய 2023இல் செம்பு, ஈயம், துத்தநாகம், தங்கம், கோபால்ட் உள்ளிட்ட 29 கனிமங்களுக்கு ஆய்வு உரிமம் என்ற புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள்; தேடிக் கண்டவருக்கு, பின்னர் ஏலத்தில் எடுப்பவர் தரும் தொகையில் ஒரு பங்கு உண்டு. ஏட்டளவில் நல்ல ஏற்பாடு. பங்கு கைக்கு வர ஆகும் ஆண்டுகளைக் கணக்கிட்டால், பழங்குழி இருக்கிற, எளிதில் கதை சொல்லக்கூடிய குன்றுகளுக்கே மறுபடி எல்லோரும் போவார்கள் என்பது என் ஐயம். மணல் மூடிய சமதரைக்குப் போக இன்னும் பொறுமையான பணம் வேண்டும்.

நாங்கள் வேலை செய்த பகுதியில், பழங்குழிகளின் சரிவை அளந்து, தூண் எங்கே இறங்கும் என்று கணித்து, ஈர்ப்பும் மின்சாரமும் ஓரளவு ஒத்துப்போன இடத்தில் துளையிட்டோம். முதலில் கிராஃபைட் வந்தது. பிறகு போட்ட துளையில் டோலமைட்டுக்குள் தேன் நிறத்தில் ஸ்பேலரைட், மெல்லிய கோடுகளாக வந்தது; தரம் உண்டு, அகலம் இல்லை. கணிப்பு சரியான இடத்தைத்தான் காட்டியது, அங்கே இருந்தது போதுமானதாக இல்லை. நிறுவனம் பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. உருளைகளில் பாதியை அறுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தோம். மறுபாதி பெட்டிகளில் எண்ணிட்டு வைக்கப்பட்டது. அந்த மாதிரிகளைச் செம்பு, ஈயம், துத்தநாகம், வெள்ளி ஆகிய நான்குக்கு மட்டுமே சோதிக்கப் பணம் ஒதுக்கப்பட்டிருந்தது.